நெவில் சக்டன் பாய்லருக்குக் காப்பீடு எடுத்த கதை

எங்கள் தெருவில் யார் வீட்டில் எப்போது அறைகளைச் சூடாக்க ஹீட்டிங் போடுகிறார்கள் என்பது ரகசியமே கிடையாது. சமையலறைச் சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குழாய் காட்டிக்கொடுத்துவிடும். வெந்நீருக்கோ ஹீட்டிங்குக்கோ உள்ளே பாய்லர் ஓடினால் அதிலிருந்து வெள்ளையாகப் புகை போல ஆவி வரும். பக்கத்து வீட்டு நெவில் சக்டன் அந்தப் புகையைப் படிப்பதில் கைதேர்ந்தவர். காலையில் தேநீர்க் கோப்பையோடு கொல்லை மதிலருகே வந்து நிற்பார்.

“அது குளிக்கிற புகை. பத்து நிமிஷத்துல நின்னுடும்” என்பார்.

அரை மணி நேரம் கழித்தும் நிற்கவில்லை என்றால், “பதினாலாம் நம்பர்காரன் ஹீட்டிங் போட்டுட்டான். இன்னிக்குத் தேதி செப்டம்பர் இருபத்தெட்டு. வெக்கம்னு ஒண்ணு வேணாம்?” என்பார்.

இங்கிலாந்தின் வடக்கே இருக்கும் எங்கள் ஊர் கீத்லியில் இது எழுதாத சட்டம். அக்டோபர் கடைசி ஞாயிறு, குளிர்காலத்துக்காக நாடே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளும் நாள் வரும்வரை ஹீட்டிங் போடக் கூடாது. குளிர்ந்தால் இன்னொரு ஸ்வெட்டர். அதற்கும் குளிர்ந்தால் அதன்மேல் இன்னொன்று. எல்லோரும் இந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசுவார்கள், பாதிப் பேர் திருட்டுத்தனமாக மீறுவார்கள். நெவில் மட்டும் மீறியதே இல்லை.

அவர் எதையும் மீறாதவர். முப்பத்தெட்டு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். நிச்சயதார்த்தம் முடிந்த அடுத்த வாரமே, டிக்கெட் வாங்கிய இடத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் கூடுதலாகப் போனதற்காக, வருங்கால மாமியாருக்கு அபராதம் எழுதினார். கல்யாணம் நின்றுபோகாததற்கு ஒரே காரணம் மணப்பெண் கிளெண்டா. அவளுக்கும் அவளுடைய அம்மாவைப் பிடிக்காது.

நெவிலின் இன்னொரு கொள்கை, காப்பீடு எதுவும் எடுக்கக் கூடாது என்பது. சட்டம் கேட்பதை மட்டும் எடுப்பார். பத்தொன்பது வருஷத்துக்கு முன் டிவி வாங்கியபோது, கடைப் பையன் இன்னும் கொஞ்சம் பணம் கட்டினால் மூன்று வருஷத்துக்கு ரிப்பேர் இலவசம் என்றானாம். நெவில் நாற்பது நிமிஷம் அவனோடு வாதம் செய்தார். அந்த டிவி இன்னும் ஓடுகிறது. படத்தில் வருகிறவர்கள் எல்லோருக்கும் மஞ்சள்காமாலை வந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். யார் வந்தாலும் அதன் தலையில் தட்டி, “மூணு வருஷம்னான். பத்தொம்பது ஆச்சு” என்பார்.

போன வருஷம் பிப்ரவரியில் இந்தக் கொள்கைக்குச் சோதனை வந்தது. பாய்லர் நின்றுவிட்டது. உதிரிப் பாகம் வர ஒன்பது நாள் ஆகும் என்றார்கள்.

கிளெண்டாவின் விரல்களுக்குக் குளிர் ஆகாது. குளிர் பட்டால் ரத்தம் ஓடாமல் மெழுகுவத்தி மாதிரி வெளுத்துவிடும், உணர்ச்சி இருக்காது. அந்த ஒன்பது நாளும் அவள் தொப்பி போட்டுக்கொண்டு தூங்கினாள். சட்டைப் பொத்தானை நெவில்தான் போட்டுவிட வேண்டியிருந்தது. அதையும் அவர் ஒன்று மாற்றி ஒன்று போட்டுவிடுவார்.

ஒன்பதாம் நாள் பாய்லர் சரியானதும் கிளெண்டா சொன்னாள்: “நெவில், நல்லாக் கேட்டுக்க. அடுத்த குளிர்காலத்துல இந்த வீட்டுக்குள்ள ஒரே ஒரு நாள் நான் நடுங்கினாலும், பெரில்கிட்டப் போயிடுவேன்.”

பெரில் அவளுடைய அக்கா. ஸ்பெயினில், அலிக்காண்டேயில் இருக்கிறாள்.

“போய் எவ்வளவு நாள் இருப்ப?” என்று நெவில் சிரித்துக்கொண்டே கேட்டார்.

“சட்டப்படி தொண்ணூறு நாள் இருக்கலாம். விசாரிச்சுட்டேன்.”

அவர் தொடர்ந்து சிரித்தார். ஜூனில் அவள் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தாள் என்பதும், புகைப்படம் எடுக்க என் அம்மா டோனாவின் காரில்தான் போனாள் என்பதும் அவருக்குத் தெரியாது.

செப்டம்பரில் ஒரு நாள் கிளெண்டா ஒரு கடிதத்தைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். பாய்லர் காப்பீடு. மாதம் பத்தொன்பது பவுண்டு. எப்போது கெட்டாலும் ஆள் அனுப்பிச் சரிசெய்வார்கள், வருஷத்துக்கு ஒரு முறை சோதித்தும் பார்ப்பார்கள். நெவில் அதைக் கையில் எடுக்கவில்லை. ஆனால் தூக்கியும் போடவில்லை. கிளெண்டா அதிலேயே பாதி வெற்றி கண்டுவிட்டதாக அம்மாவிடம் சொன்னாள்.

நெவில் விசாரணையைத் தொடங்கினார். முதலில் தாரிக்கைக் கூப்பிட்டார். பிப்ரவரியில் பாய்லரைச் சரிசெய்தவன் தாரிக்தான். இரண்டு தெரு தள்ளி இருக்கிறான், முப்பது வயது, வேன் நிறையக் குழாய்கள். அன்று நானும் அம்மாவும் மதிலுக்கு இந்தப் பக்கம் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தோம், எல்லாம் காதில் விழுந்தது.

“உள்ளதைச் சொல்லு தாரிக். இது எடுக்கலாமா வேணாமா?”

“கணக்குப் பாத்தா வேணாம் அங்கிள். அந்தப் பணத்தைத் தனியா எடுத்து வெச்சுக்கங்க. உங்க பாய்லருக்குப் பதினோரு வயசு. மூணு நாலு வருஷத்துக்கு ஒரு தடவை ஏதாச்சும் பெரிசா போகும், அதுக்கு அது போதும்.”

“பாத்தியா” என்று நெவில் உள்ளே பார்த்துக் கத்தினார்.

“இருங்க, முடிக்கல. கிறிஸ்துமஸ் அன்னிக்குப் பாய்லர் நின்னா நான் போனை எடுக்க மாட்டேன். அவங்க எடுப்பாங்க. எடுத்து, நாளைக்கு வரோம்பாங்க. ஆனா எடுப்பாங்க.”

“கிறிஸ்துமஸுக்கு நீ ஏன் எடுக்க மாட்ட? உனக்கு என்ன கிறிஸ்துமஸ்?”

“எனக்கு லீவு அங்கிள். லீவுக்கு என்ன மதம்?”

கிளெண்டா வாசற்படியில் வந்து நின்றாள். “நெவில், காசு மிச்சமாகுமான்னு நீ பாக்கற. போன் பண்ணா வந்தே ஆகணும்னு யாராச்சும் ஒருத்தர் இருக்காங்களான்னு நான் பாக்கறேன். ரெண்டும் வேற வேற.”

தாரிக் அவளைப் பார்த்துத் தலையாட்டினான். பிறகு நெவிலிடம், “எது எப்படியோ, இப்பவே ஒரு தடவை ஹீட்டிங்கைப் போட்டுப் பாத்துடுங்க. பத்து நிமிஷம் போதும்” என்றான்.

“இப்பவா?” என்றார் நெவில். “செப்டம்பர்லயா?”

“சும்மா சோதனைக்கு.”

“புகை வருமேப்பா. காலையிலேயே நான் குளிச்சாச்சுன்னு தெருவுக்கே தெரியும். நாப்பது வருஷமா நான் பேசின பேச்சு என்ன ஆகறது? வெந்நீர் நல்லா வருது. வெந்நீரும் அதே பாய்லர்லதானே வருது? அப்புறம் என்ன?”

தாரிக் அதற்கு ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அவன் போன் அடித்தது, போய்விட்டான்.

அன்று முழுக்க நெவில் காப்பீட்டு நிபந்தனைகளைப் படித்தார். நாற்பது பக்கம். அந்த நாற்பது பக்கத்தையும் முழுதாகப் படித்த ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார், எழுதினவர்கூடப் படித்திருக்க மாட்டார். கடைசியில் மதிலுக்கு மேல் தலையை நீட்டி எங்களைக் கூப்பிட்டார். முகம் பளபளவென்று இருந்தது.

“டோனா, இதைக் கேளு. முதல் முப்பது நாள் எதுவும் கேக்க முடியாதாம். எல்லாரும் நவம்பர்ல குளிர் வந்ததும் வாங்குவாங்க. முப்பது நாள் காசு தண்டம். நான் இப்ப வாங்கறேன். அந்த முப்பது நாள்ல நான் ஹீட்டிங்கே போடப் போறதில்ல. கடிகார ஞாயிறு வர்றப்ப அவங்க நாள் முடிஞ்சிருக்கும், என் நாள் ஆரம்பிச்சிருக்கும்.”

“பெரிய ஆளுதான் நீங்க” என்றாள் அம்மா.

நாற்பது பக்கத்தில், காப்பீடு தொடங்கும் நாளில் பாய்லர் ஒழுங்காக வேலை செய்ய வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. அதையும் அவர் படித்தார், அடிக்கோடும் போட்டார். அது பொய் சொல்கிறவர்களுக்காக எழுதியது என்று நினைத்துக்கொண்டார். செப்டம்பர் இருபதாம் தேதி, தன் வாழ்க்கையில் முதல்முறையாக, யாரும் கட்டாயப்படுத்தாத ஒரு காப்பீட்டை நெவில் சக்டன் வாங்கினார். அதற்குப் பிறகு அவர் பேச்சே மாறிவிட்டது. போகிறவர் வருகிறவரிடமெல்லாம், “இன்னும் எடுக்கலியா? என்னப்பா மனுஷன் நீ?” என்று கேட்க ஆரம்பித்தார்.

கடிகார ஞாயிறு வந்தது. வருஷாவருஷம் அன்று காலை எங்களையும் கூப்பிடுவார். கிளெண்டா இஞ்சி கேக் வெட்டி வைப்பாள். நெவில் வீட்டிலுள்ள ஐந்து கடிகாரங்களையும் பின்னுக்குத் தள்ளுவார். பிறகு சமையலறைக்கு வந்து, கப்பலைத் தண்ணீரில் இறக்குகிற மாதிரி நிமிர்ந்து நின்று, பொத்தானை அழுத்துவார்.

அழுத்தினார். பாய்லர் உறுமியது. நாங்கள் கேக் சாப்பிட்டோம். கால் மணி நேரம் கழித்து கிளெண்டா, சுவரோரம் இருந்து அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரைத் தொட்டாள். சில்லென்று இருந்தது. மாடியில் போய்ப் பார்த்தோம். எல்லாமே சில்லென்றுதான் இருந்தன. குழாயைத் திறந்தால் வெந்நீர் மட்டும் கொதிக்கக் கொதிக்க வந்தது.

கிளெண்டா தன் விரல்களைப் பார்த்தாள். நுனி வெளுக்க ஆரம்பித்திருந்தது.

“எதுக்குக் கவலை? காப்பீடு இருக்கு” என்றார் நெவில். அந்த வாக்கியத்தைச் சொல்வதற்காகவே ஐந்து வாரம் காத்திருந்த மாதிரி இருந்தது. போனை மேஜைமேல் வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி போட்டார்.

எடுத்தது ஒரு பெண். நல்ல குரல். பெயர், முகவரி எல்லாம் கேட்டாள். பிறகு, “கடைசியா ஹீட்டிங் எப்ப வேலை செஞ்சது சார்?” என்றாள்.

“ஏப்ரல் ஒம்பது” என்றார் நெவில். “ஈஸ்டர் அன்னிக்கு.”

அவள் அதைத் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. “சரி சார். அதுக்கப்புறம்?”

“அதுக்கப்புறம் போடல.”

“உங்க காப்பீடு செப்டம்பர் இருபதுல ஆரம்பிக்குது சார். அதுக்கப்புறம் ஒரு தடவையாச்சும் போட்டுப் பாத்திருப்பீங்க. இல்லையா சார்?”

அந்தப் பெண் நல்லவள். கதவைத் திறந்து வைத்துவிட்டு, உள்ளே வா என்று கையையும் காட்டினாள். மேஜைக்கு எதிரே கிளெண்டா வாயை மட்டும் அசைத்தாள்: நேத்துன்னு சொல்லு.

“இல்லம்மா” என்றார் நெவில்.

“ஒரு பத்து நிமிஷம்? குளிரா இருந்த ஒரு நாள்ல?”

“ஒரு நிமிஷம்கூட இல்ல.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார். சிலருக்கு மறந்துபோகும்.”

“எனக்கு மறக்காது. இந்த வீட்டுல கடிகார ஞாயிறுக்கு முன்னால ஹீட்டிங் போட்டதே இல்ல. நாப்பது வருஷமா. வேணும்னா தெருவுல கேட்டுப் பாருங்க.”

கிளெண்டா மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அந்தப் பெண் பெருமூச்சு விட்டது போனில் தெளிவாகக் கேட்டது. காப்பீடு தொடங்கியபோது ஹீட்டிங் வேலை செய்தது என்று காட்ட வழியில்லை, அதனால் இந்தப் பழுது சேராது என்று மிக மரியாதையாகச் சொன்னாள். நெவில் அவளுக்கு நன்றி சொல்லிவிட்டு போனை வைத்தார்.

“ஒரு வார்த்தை” என்றாள் கிளெண்டா. “நேத்து. ஒரே ஒரு வார்த்தை.”

“நேத்து போடலியே.”

“தெரியும் நெவில்.”

அவள் மாடிக்குப் போனாள். பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது. செவ்வாய்க்கிழமை விமானத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டுத்தான் கீழே வந்தாள். போக மட்டும். திரும்பி வருவதற்குப் போடவில்லை.

நெவில் அப்போதுதான் பயந்தார். தாரிக்கைக் கூப்பிட்டார். அவன் கையில் அன்று இவருக்கு முன்னால் பதினெட்டு வீடு இருந்தது. கீத்லி முழுக்க ஒரே காலையில் பொத்தானை அழுத்தியிருக்கிறது, கெட்டுப்போன பாய்லர் அத்தனையும் ஒரே காலையில் தெரியவந்திருக்கிறது. வியாழக்கிழமைதான் முடியும் என்றான்.

“வீட்டுல கைக்குழந்தை, வயசானவங்க யாராச்சும் இருக்காங்களா அங்கிள்? இருந்தா முன்னால வரேன்.”

“வயசானவங்க யாரும் இல்ல” என்றார் எழுபத்தோரு வயது நெவில்.

கிளெண்டா போனைப் பிடுங்கினாள். “தாரிக், இங்க ஒரு கிழம் இருக்கு. மூளை சுத்தமா உறைஞ்சுபோச்சு. சீக்கிரம் வா கண்ணு.”

திங்கள்கிழமை மதியம் தாரிக் வந்தான். அரை மணி நேரத்தில் சரிசெய்துவிட்டான். வெந்நீருக்கும் ரேடியேட்டருக்கும் வழி மாற்றிவிடுகிற சின்ன வால்வு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

“ஆறரை மாசம் அசையாம இருந்ததுல இறுகிடுச்சு அங்கிள். கோடையில மாசம் ஒரு தடவை பத்து நிமிஷம் போட்டிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. அன்னிக்கே சொல்ல வந்தேன்.”

தாரிக் போனதும் நெவில் காப்பீட்டு அலுவலகத்தைக் கூப்பிட்டு, “இப்ப வேலை செய்யுது. தேதி போட்டு எழுதிக்கங்க” என்றார். அப்படி எழுதுவதற்கு இடமில்லை என்றார்கள். பிறகு கிளெண்டாவிடம் போய், “வீடு சூடாயிடுச்சு. டிக்கெட்டைத் திருப்பிக் குடுத்துடு” என்றார்.

“பணம் திரும்ப வராது.”

“ரத்தானா பணம் வர்ற மாதிரி ஒரு காப்பீடு குடுப்பாங்களே, அதை எடுக்கலியா?”

கிளெண்டா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “நாப்பத்தஞ்சு வருஷமா அதெல்லாம் ஏமாத்து வேலைன்னு யார் சொல்லிக் கேட்டேன்?”

செவ்வாய்க்கிழமை போய்விட்டாள். போகும்போது அவரிடம், “வீடு சூடா இருக்குன்னு எனக்கு நம்பிக்கை வந்தா வரேன்” என்று மட்டும் சொன்னாள்.

அதற்கு ஏற்பாடும் செய்திருந்தாள். தினமும் காலை ஒன்பது மணிக்கு என் அம்மாவுக்கு போன் வரும்.

“டோனா, புகை வருதா?”

“குளிக்கிற புகைதான்” என்பாள் அம்மா.

நெவில் தனியாக இருக்கும்போது ஹீட்டிங் போடவில்லை. ஒரு ஆளுக்கு எதற்கு என்று மூன்று ஸ்வெட்டரோடு உட்கார்ந்து அந்த மஞ்சள் டிவியைப் பார்த்தார். டின் பீன்ஸைச் சுடவைத்து ரொட்டிமேல் கொட்டிச் சாப்பிட்டார். பன்னிரண்டு நாள் அப்படிப் போயிற்று. யார் உளவு சொல்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். தெருவின் புகையை நாற்பது வருஷம் எண்ணியவருக்கு, தன் புகையை இன்னொருத்தி எண்ணுவதைத் தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை.

பதின்மூன்றாம் நாள் காலை அம்மா என்னைக் கொல்லைக்குக் கூப்பிட்டாள். சக்டன் வீட்டுக் குழாயிலிருந்து புகை வந்தது. ஒரு மணி நேரம் ஆயிற்று, நிற்கவில்லை. மதியமும் வந்தது. நெவில் மதிலருகே வந்து, எங்களைப் பார்க்காமல், “ஆளில்லாத ரூமெல்லாம் சூடாகுது. பைத்தியக்காரத்தனம்” என்றார்.

அம்மா போனில் சொன்னாள். கிளெண்டா கேட்டுவிட்டு, “முதல் முப்பது நாள் எதுவும் கேக்க முடியாதுன்னு சொல்லு. நிபந்தனையில இருக்கு” என்றாள்.

நெவில் அதை எதிர்த்துப் பேசவில்லை. முப்பது நாள் என்றால் முப்பது நாள். காலையிலிருந்து படுக்கப் போகும்வரை வீடு தகதகவென்று இருந்தது. ஒற்றைச் சட்டையோடு, வியர்த்த முகத்தோடு, தன் வீட்டிலேயே விருந்தாளி மாதிரி நடமாடினார். பத்தொன்பது நாள் ஆனதும் அவரே கிளெண்டாவுக்கு போன் செய்தார். அந்த சனிக்கிழமை எங்கள் வீட்டில்தான் இருந்தார், அவர் போனில் சார்ஜ் இல்லாததால் எங்கள் போனில், எங்களுக்கும் கேட்கும்படி பேசினார்.

“ஒண்ணு சொல்லணும். நேத்து மத்தியானம் ரெண்டு மணி நேரம் அணைச்சுட்டேன். வெயில் நல்லா அடிச்சுது. டோனா வேலைக்குப் போயிருந்தா, பாத்திருக்க மாட்டா.”

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டிவியின் சத்தம் நின்றது.

“யாரும் பாக்கலல்ல?” என்றாள் கிளெண்டா.

“பாக்கல.”

“அப்புறம் ஏன்யா சொல்ற?”

“அணைச்சேனே.”

கிளெண்டா சிரிக்கும் சத்தம் கேட்டது, பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம். “உன்னோட இத்தனை வருஷம் குப்பை கொட்டினதுக்கு இது ஒண்ணுதான் மிச்சம்” என்றாள். “வியாழக்கிழமை வரேன். ஏர்போர்ட்டுக்கு வா.”

வந்தாள். வாசலில் நுழைந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல், பெட்டியைக் கீழே போட்டுவிட்டு நேராகப் போய்க் கூடத்து ரேடியேட்டர்மேல் இரண்டு கையையும் வைத்தாள். அப்படியே கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். நெவில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனார்.

மறுநாள் அம்மாவிடம் மட்டும் கிளெண்டா இன்னொன்றும் சொன்னாள். “பெரில் வீட்டுல ஹீட்டிங்கே கிடையாது டோனா. பகல்ல வெயிலு, சாயங்காலம் ஆனா ஐஸ்பெட்டி. தரை பூரா கல்லு. பத்தாம் நாளே விரல் வெளுத்துப்போச்சு. அக்காகிட்ட எப்படிக் கேக்கறது, தொப்பி போட்டுக்கிட்டுத் தூங்கினேன். நெவில்கிட்டச் சொல்லிடாத.”

அம்மா சொல்லவில்லை. கேட்டால்கூடச் சொல்லாமல் இருக்க அவளால் முடியும். நெவிலுக்குத்தான் அது வராது.

காப்பீட்டை நெவில் இந்த வருஷமும் புதுப்பித்தார். அது லாபமா நஷ்டமா என்று இன்னும் அவருக்குத் தெரியாது. பாய்லர் அதற்குப் பிறகு கெடவே இல்லை, அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்கூட இருக்கிறது. போன வாரம், செப்டம்பரிலேயே, தெருவில் முதல் புகை அவர் வீட்டிலிருந்து வந்தது. ஒரு குளிர்ந்த காலை பதினாலாம் நம்பர்காரர் வெளியே வந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி அரை மணி நேரம் மதிலருகே நின்றார்.

“என்ன நெவில், ஹீட்டிங்கா?”

“சோதனை” என்றார் நெவில். “வால்வு ஒட்டிக்காம இருக்க.”

“ஓ, சோதனையா. எவ்வளவு நேரமா?”

நெவில் தேநீரை ஒரு வாய் குடித்தார்.

“முந்தாநேத்துலேர்ந்து” என்றார்.